கும்பிட்ட கை

கை எப்போது நழுவியது? செண்பகவல்லியின் புத்தி செக்குமாடு மாதிரி அந்த ஒரு கேள்வியையே சுற்றிக்கொண்டிருந்தது. வேனை விட்டு இறங்கும்போது அவர் கை அவள் கையில் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. தேசியப் பூங்கா என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த வளைவுக்குக் கீழே காட்டிலாகாக்காரர் முறுக்குப் பையை வாங்கி வைத்துக்கொண்டபோதும் இருந்தது. இடக்கையால் பையைக் கொடுத்தாள், வலக்கையை விடவில்லை. மகள் வடிவு வேன் கதவில் நின்று, கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துத் துவண்டுபோன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மா, அப்பா கையை மட்டும் விட்டுறாத" என்றாள். "எனக்குத் தெரியாதாக்கும், நீ பிள்ளையப் பாரு" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டுத்தான் நடந்தாள். கற்படி ஏறும்போது இருந்தது. வியர்த்து, பிசுபிசுத்து, இருந்தது. மேட்டில் வந்து கம்பியோரம் நின்று கீழே பார்த்தாள் பாருங்கள், அம்மாடி! கோவில்பட்டிக் கரிசலில் பிறந்து, கண்ணுக்கு எட்டின மட்டும் பாய் விரித்தாற்போன்ற பூமியையே பார்த்து வளர்ந்தவள். இங்கே மலை நடுவில் பிளந்து கிடந்தது. அதல பாதாளத்தில் வெள்ளியாறு, யாரோ கைதவறிப் போட்ட நூல் மாதிரி. அத்தனை சிறிசாகத் தெரிகிற ஆற்றுக்கு இத்தனை பெரிய சத்தமா? எதிர்ப்பாறையில் அருவி வேறு விழுந்துகொண்டிருந்தது. பெரிசாக ஒன்றைப் பார்த்தால் அவளைப் போல ஒருத்தி என்ன செய்வாள்? ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஒற்றைக் கையால் கும்பிட யாருக்குத் தெரியும்? கண்ணைத் திறந்தபோது மேகம் இறங்கியிருந்தது. மலை இல்லை, ஆறு இல்லை, பக்கத்தில் அவரும் இல்லை.

"ஏங்க" என்றாள். முதல் தடவை சாதாரணமாக, அடுப்படியிலிருந்து முற்றத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. "ஏங்க! இங்க பாருங்க!" எங்கே பார்க்க? நீட்டிய கையின் விரல் நுனியே அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்த காலேஜ் பிள்ளைகள் மேகம் வருவதைப் பார்த்ததுமே கீழே ஓடிவிட்டார்கள் போல, ஒரு குரல் இல்லை. ஆற்றுச் சத்தம் மட்டும் முன்னால், பின்னால், காலுக்கு அடியில், எல்லாப் பக்கமும். கம்பியைத் தேடிப் பிடித்தாள், சில்லென்று இருந்தது. அவர் சும்மா நிற்கிற ஆளா? பஸ் ஓட்டின மனுசன். ஊரே டிரைவரண்ணே என்று கூப்பிட, எட்டயபுரம் ரோட்டில் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று சவடால் அடித்த மனுசன். நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு சோத்துத் தட்டைக் கொடுத்தால் ரெண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். விடியுமுன் எழுந்து, முதல் டிரிப்புக்கு நேரமாச்சு என்று தாழ்ப்பாளை இழுத்தார். பிறகு அவளையே, நீ யாரம்மா, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டார். படுக்கும்போது தன் முந்தானையை அவர் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுத்தாள், கல்யாணத்தில் போட்ட முடிச்சைவிட இறுக்கமாக. கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு பார்த்தாளே, ஒரு ராத்திரி, ஒரு பகல் விட்டாளா? கும்பிடுகிற நேரம்தான் விட்டாள். அதுவும் யாருக்காகக் கும்பிட்டாள்? அவருக்காக. அவருக்காகத்தானா? இங்கேதான் அவள் புத்தி போய் முட்டி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு என்ன கேட்டாள்? நல்லபடியா வை என்றா? அப்படித்தான் கேட்டிருப்பாள், எப்போதும் அப்படித்தான் கேட்பாள். பொய். பாவி, பொய் சொல்லாதே. "என்னால முடியல தாயே, இதுக்கு ஒரு முடிவைக் குடு" என்றல்லவா உதடு முணுமுணுத்தது. கோயில் கோயிலாக ஏறி இறங்கி எத்தனை கேட்டிருப்பாள், ஒரு சாமியாவது காதில் வாங்கியதா? இந்த ஆறு மட்டும் கேட்ட கையோடு கொடுத்துவிட்டதா?

"யாரது? கம்பிக்கிட்ட யாரு?" என்று ஒரு ஆண்குரல். பூட்ஸ் சத்தம் வந்தது, பின்னால் காக்கிச் சட்டை வந்தது, காட்டு வாட்சர். வரும்போது படியில் அவர்களைத் தாண்டிப் போனவர்தான். மேலே பாருங்கள், கழுகு வட்டம் போடுது என்று கையைக் காட்டிவிட்டுப் போனவர். "ஐயா, அவுகளைக் காணோம். எங்க வீட்டுக்காரக. இங்கதான் நின்னாக. அவுகளுக்கு நெனவு கெடையாது ஐயா, போற திக்குத் தெரியாது" என்று அவர் சட்டையையே பிடித்துவிட்டாள். வாட்சர் முகம் மாறிற்று. கெட்டிக்காரர், அதை உடனே மறைத்துக்கொண்டார். "நீங்க அசையாதீங்கம்மா. கம்பிய விட்டு ஒரு அடி எடுத்து வைக்காதீங்க. அவரு பேர் என்ன?" செண்பகவல்லி வாயைத் திறந்தாள். "வடிவு அப்பா" என்றாள். "அது பாப்பா பேரு. அவரு பேரு?" அவள் திரும்பிப் பார்த்தாள், பழக்கதோஷம், வடிவு பின்னால் நிற்பாள் என்று. ரேஷன் கடையில், ஓட்டுப் போடும் இடத்தில், பாங்கியில், எங்கே கேட்டாலும் அவள் வடிவைப் பார்ப்பாள், வடிவு பட்டென்று சொல்லிவிடுவாள். வடிவு பிறக்கும் முன்பு சுவரில் தொங்குகிற முருகன் காலண்டரைக் காட்டி, அந்த மலைக்கோயில் சாமி பேருதான் என்பாள். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். இப்போது திரும்பிய பக்கம் மேகம்தான் நின்றது. வாட்சருக்குப் பொறுமை இல்லை, நேரமும் இல்லை. "வடிவு அப்பா! ஐயா! பெரியவரே!" என்று கத்திக்கொண்டே, விசிலை ஊதிக்கொண்டே, கம்பியைத் தடவித் தடவி இடப்பக்கம் போனார்.

வடிவு அப்பாவாம். அவர் திரும்பினால்தானே? வடிவே அப்பா அப்பா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் இப்போதெல்லாம் திரும்புவதில்லை, யாரோ யார் அப்பாவையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பார். டிரைவரண்ணே என்றாலும் திரும்புவதில்லை. ஏங்க என்பது எந்தக் காலத்திலோ செத்துப்போயிற்று. பேர் ஒன்றுதான். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? பெற்றவள் போய்ச் சேர்ந்தாள், அண்ணன்காரர் போய்ச் சேர்ந்தார், கூடப் படித்தவர்கள் எந்த மூலையிலோ. உலகத்தில் ஒரு நாக்கு மிச்சமில்லை. மிச்சம் இருக்கிற ஒரே நாக்கு இது, இதுவோ கட்டிக் கிடக்கிறது. கட்டியது அத்தை. கல்யாணமான மறுநாளே உட்கார வைத்துச் சொன்னாள், பெண்டாட்டி வாயால் பேரைச் சொன்னால் அந்தப் புருசனுக்கு ஆயுசு குறையும் என்று. நம்பாமல் இருக்கலாமா? எதிர்வீட்டுக்காரி ஒருத்தி சண்டையில் புருசனைப் பேர் சொல்லி ஏசினாள், அந்த ஆடி தாண்டவில்லை அவன். அதிலிருந்து செண்பகவல்லி கழுகு என்ற சொல்லைக்கூட வாயில் எடுப்பதில்லை, அவர் பேரில் முன்பாதி அது. வானத்தில் கழுகு போனால் பெரிய பருந்து என்பாள். பேரில் கழுகு இருக்கிற அந்த மலைக்கோயில் ஊருக்குப் பஸ் ஏறினால், கோயில் ஊருக்கு ஒரு டிக்கெட் குடுங்க என்பாள், கண்டக்டர்மாருக்கெல்லாம் தெரியும், டிரைவரண்ணன் வீட்டம்மா. அவர் அதை ரசிப்பார். ஸ்டீரிங்கில் இருந்தபடியே கண்ணாடியில் பார்த்து, "எந்தக் கோயில் ஊரு புள்ள? ஊருக்கு ஊரு கோயில் இருக்கே, பேரச் சொல்லேன்" என்று சீண்டுவார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள், பஸ்ஸே சிரிக்கும். மதுரையில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒரு நர்ஸ்பிள்ளை கதவைத் திறந்து அந்தப் பேரை மொட்டையாகக் கூப்பிட்டதே, ஒரு ஐயா இல்லை, சார் இல்லை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அதற்கப்புறம் நடந்தது, அந்த வரிசையே சிரித்தது, வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. இப்போது போய் அதையா நினைப்பது? விசில் சத்தம் எங்கே? விசில் நின்றுவிட்டதே.

"அம்மா!" வாட்சர் குரல், இடப்பக்கம், கொஞ்சம் கீழே. "ரப்பர் செருப்பா போட்டிருந்தாரு? நீல வாரு?" "ஆமாய்யா" என்றாள். நீல வார்தான். மருமகன் ஷூ போட்டு விடுங்கள் அத்தை என்று சொல்லத்தான் செய்தார். பூங்காதானே, நம்ம ஊர் முனிசிபாலிட்டி பூங்கா மாதிரி பெஞ்சு கிடக்கும், உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று நினைத்து வந்த கூமுட்டை அவள். "ஒத்தச் செருப்பு கெடக்குதுங்கம்மா. கம்பி இந்தப் பாறையோட முடியுது. அந்தாண்ட சரிவு. கண்ணு தெரியாம நான் காலை வச்சா நானும் போயிருவேன். அவரு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், எந்தப் பக்கம்னு புடிச்சிருவேன். கூப்பிடுங்கம்மா!" அவள் கம்பியோடு கம்பியாக உறைந்து நின்றாள். ஒத்தச் செருப்பு. மற்றக் கால்? மற்றக் கால் எங்கே ஊன்றியது? அந்தக் காலை இன்று காலையில் அவள்தான் தேய்த்துக் குளிப்பாட்டினாள், குதிங்கால் வெடிப்பில் அவள்தான் எண்ணெய் தடவினாள். சரிவில் அந்த வெடிப்புக் கால் வழுக்குமா, பிடிக்குமா? எண்ணெயை ஏன் தடவினாய், சண்டாளி? கண்ணைத் திறந்ததும், அவரைக் காணோம் என்று புத்தியில் உறைப்பதற்கு முன்னால், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கை லேசாக இருந்ததே. தண்ணிக்குடத்தை இறக்கி வைத்த மாதிரி, அப்பாடா என்று இருந்ததே. அதை யாரிடம் சொல்லுவாள்? வடிவு கேட்பாள், எப்படிம்மா விட்ட என்று. கும்பிட்டேன் என்று சொல்லலாம். என்ன கேட்டுக் கும்பிட்ட என்று கேட்க மாட்டாள், பிள்ளைக்குத் தெரியாது. ஆற்றுக்குத் தெரியும். தாயே, நான் கேட்ட முடிவு இது இல்லை, சத்தியமா இது இல்லை, திருப்பி எடுத்துக்கோ. அசதியில் வந்த வார்த்தையை எல்லாமா கணக்கில் எடுப்பாய்? நாளைக்கும் அவர் தட்டைத் திருப்பட்டும், யாரம்மா நீ என்று கேட்கட்டும், படுக்கையை நனைக்கட்டும், நான் அலசிப் போடுகிறேன், மூச்சுக் காட்ட மாட்டேன். ஆறு தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

"கூப்பிடுங்கம்மா, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க!" வாட்சர் கத்தினார், அதட்டலாகவே. அந்த நர்ஸ்பிள்ளை திரும்பவும் கதவைத் திறந்தது. இந்தத் தடவை செண்பகவல்லி அதை விரட்டவில்லை. பச்சைப் பெஞ்சு, மருந்து வாடை, வரிசையில் உட்கார்ந்த சனம், மடியில் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்த அவர். நர்ஸ்பிள்ளை பேரைக் கூப்பிட்டதும் மனுசன் சடாரென்று எழுந்தார். கையைக் கட்டினார். நெஞ்சை நிமிர்த்தினார். கணீரென்று ஒரு பதில் சொன்னார், பெஞ்சே கொல்லென்று சிரித்தது. அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது அன்றைக்கு. உட்காருங்க, உட்காருங்க என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். மாதக்கணக்கில் எதற்குமே திரும்பாத மனுசன் அதற்கு எழுந்து நின்றாரே, அதை யோசித்தாளா? வெட்கம், வெட்கம்தான் பெரிசாகப் போயிற்று. சொன்னால் திரும்புவார். சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால்? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றாள் செண்பகவல்லி, மேலே ஏறினாலும் அவர் உயிர், கீழே இறங்கினாலும் அவர் உயிர். அட, குறைகிறதுக்கு இனி என்ன ஆயுசு இருக்கிறது, அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன? என் ஆயுசில் எடுத்துக்கொள் தாயே. அத்தே, மன்னிச்சிருங்க. வாயைத் திறந்தாள். "க" என்றாள், காற்றுத்தான் வந்தது. எச்சிலை விழுங்கினாள், கம்பியை இறுக்கிப் பிடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"கழுகாசலம்!"

மொட்டையாகத்தான் வந்தது, மரியாதை சேர்க்கத் தெரியவில்லை அவளுக்கு, சேர்த்துச் சொல்லிப் பழகியிருந்தால்தானே. எதிர்ப்பாறை அதை வாங்கி, சலம் சலம் என்று திருப்பிக் கொடுத்தது. தன் குரல்தானா இது என்று அவளுக்கே பயமாக இருந்தது. பிறகு, இடப்பக்கத்திலிருந்து, வாட்சரின் குரலைவிடக் கீழேயிருந்து, ஒரு பையன் சொல்கிற மாதிரி, கணீரென்று:

"உள்ளேன் ஐயா!"

"கேட்டுருச்சு! நிறுத்தாதீங்கம்மா, கூப்பிட்டுக்கிட்டே இருங்க, அவரு நகரக் கூடாது!" என்றார் வாட்சர். செண்பகவல்லி நிறுத்துவாளா? கழுகாசலம் என்றாள். உள்ளேன் ஐயா என்றார். கழுகாசலம். உள்ளேன் ஐயா. பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கும், அது ஒன்றுதான் இப்போது அவரை மலையில் நிறுத்தி வைத்திருந்தது. ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் விட்ட இடைவெளியில் அவர் நகர்ந்துவிடுவார் என்று மூச்சுக்கூட விடாமல் கூப்பிட்டாள். ரேஷன் கடையில் சொல்லாததை, கல்யாண வீடுகளில் சொல்லாததை, பஸ் கண்ணாடியில் அவர் கண் கெஞ்சியபோது சொல்லாததை எல்லாம் அள்ளி அள்ளி அந்தப் பள்ளத்தில் கொட்டினாள். சொல்லச் சொல்ல அது பேராகவே இல்லை, பிடித்து இழுக்கிற கயிறாக இருந்தது. அழகான பேர்தான் என்று நடுவில் ஒரு நினைப்பு ஓடியது, இத்தனை காலம் வாயில் வைத்துப் பார்க்காமல் போனேனே. "கழுகாசலம்!" பதில் இல்லை. "கழுகாசலம்!" ஆறு மட்டும் இரைந்தது. கல் ஒன்று உருண்டு போகிற சத்தம் கேட்டது, வெகுநேரம் உருண்டது. அவள் கம்பியோடு சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, கத்தக்கூட இல்லை, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற குரலில், "ஏ கழுகாசலம், ராசா, ஒரு சொல் சொல்லு" என்றாள்.

"புடிச்சிட்டேன்!" என்றார் வாட்சர். "புடிச்சிட்டேன்மா! பயப்படாதீங்க, கல்லுதான் போச்சு!"

மேகத்துக்குள்ளிருந்து ரெண்டு பேரும் வந்தார்கள். வாட்சர் அவர் இடுப்பை அணைத்துப் பிடித்திருந்தார். அவர் வேட்டியெல்லாம் சேறு, ஒரு காலில் நீலச் செருப்பு, மற்றக் கால் வெறுங்கால், முழங்கையில் ரத்தம். கை ரெண்டையும் இன்னும் கட்டியிருந்தார். செண்பகவல்லி எழுந்து ஓடி அந்தக் கட்டைப் பிரித்து வலது கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டுப் போயிருந்தது. வாய்க்கு வந்தபடி ஏசத் தோன்றியது, கட்டிக்கொண்டு அழத் தோன்றியது, வாட்சர் நிற்கிறாரே என்று தோன்றியது. "ஏங்க" என்றாள். அவர் எங்கோ பார்த்தார். அவளுக்குப் புரிந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, மெல்ல, "கழுகாசலம்" என்றாள். அவர் உடனே திரும்பினார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராக, முழுசாகப் பார்த்தார். யாரம்மா நீ என்று கேட்கவில்லை. அவளைத் தெரிந்த கண்தான் அது.

"பெல் அடிச்சாச்சா டீச்சர்?" என்றார். "வீட்டுக்குப் போலாமா?"

பஸ் கண்ணாடியில் சீண்டிய மனுசன் அந்தப் பள்ளத்தில்தான் எங்கேயோ விழுந்து கிடந்தார், மேலே ஏறி வந்தது வேறு ஒரு பிள்ளை. கேட்ட முடிவை ஆறு கொடுக்கத்தான் செய்தது, பாதி மட்டும் கொடுத்தது. "அடிச்சாச்சு, போலாம்" என்றாள் செண்பகவல்லி. கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்து சொட்டியது, துடைக்கவில்லை. அப்போது மேகம் விலகியது. வந்தது போலவே போயிற்று, திரும்பவும் மலை, அருவி, பாதாளத்தில் அந்த வெள்ளை நூல். வாட்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக் கையெடுத்தார். "ஆத்தா கைவிடலம்மா. நீங்களும் ஒரு கும்பிடு போட்டுக்கங்க" என்றார். அவள் ஆற்றைப் பார்த்தாள். அவர் கையை ரெண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், கும்பிடக் கை ஒழியவில்லை.